குறைந்த விதம்

பச்சை, மஞ்சள், சிவப்பு.
மூன்று நிறம்தான் தந்திருக்கிறார்கள்.
நாலாவது ஒன்று வேண்டுமென்று போன வருடம் எழுதினேன்.
படிவத்தில் இடமில்லையென்று பதில் வந்தது,
ஒன்பது வாரம் கழித்து.

ஹல் நகரம். ஹம்பர் ஆற்றுக் காற்றுக்கு
மருத்துவமனையின் தானியங்கிக் கதவு
ஆளில்லாமலே திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது.
ஆறாவது மாடியில் எனக்கொரு மேசை,
கடவுச்சொல் எழுதி ஒட்டிய தாள்,
யாரோ பாதி தின்று வைத்த பிஸ்கட் பொட்டலம்.
அரசு சொன்னது நடந்ததா என்று
பார்த்துச் சொல்வது என் வேலை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
அதை விழுங்கிவிடுவதும் பொய்தான்.
சனிக்கிழமையும் அறுவை அரங்கில் விளக்கு எரிகிறது.
புது ஸ்கேன் இயந்திரம் வந்திருக்கிறது.
அதை இயக்கும் டெமிலாடே சொன்னாள்:
"இப்போதெல்லாம் மதியம் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்."
அதை எழுத ஒரு கட்டம் தேடினேன்.
இல்லை. ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

இனி, எண்.
முழங்காலுக்கும் இடுப்புக்கும் அன்று காத்திருந்தவர்கள்
பதினோராயிரத்து எண்ணூற்று நாற்பது.
அவர்களில் இன்றும் காத்திருப்பவர்கள்
ஒன்பதாயிரத்து முந்நூற்றுப் பத்து.
(இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு வேறு ஏடு.
அதை இன்று திறக்கப்போவதில்லை.)
"மலை இறங்கத் தொடங்கிவிட்டோம்" என்றார் அமைச்சர்
தொலைக்காட்சியில், சட்டைக் கையை மடித்துவிட்டபடி.

சரி. இறங்கிய இரண்டாயிரத்து ஐந்நூற்று முப்பது பேர்
எந்தப் பக்கமாய் இறங்கினார்கள்?
சிகிச்சை முடிந்து நடந்து போனவர்கள்
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
இது சின்ன எண் இல்லை.
இதை நான் இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்,
மகிழ்ச்சிக்காக ஒரு முறை.
காரையோ மோதிரத்தையோ விற்று
தனியாரிடம் போனவர்கள் முந்நூற்று ஆறு.
இறந்தவர்கள் தொண்ணூற்றேழு.
மீதி எழுநூற்றுப் பதினைந்து:
'கடிதத்துக்குப் பதில் தராததால் நீக்கம்.'

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று
வந்த நாளிலிருந்து கிளறிக்கொண்டிருந்தேன்.
யாரும் மறைக்கவில்லை.
எல்லாம் தட்டிலேயே இருந்தது, நிரல் 'ஓ'வில்,
யாரும் அதுவரை நகர்த்திப் பார்க்காத வலது ஓரத்தில்.

அந்த நிரலின் முதல் பெயருக்குத் தொலைபேசினேன்.
எர்னெஸ்ட் ஸ்கெல்டன், எழுபத்து மூன்று,
துறைமுகத்தில் மீன்பெட்டி தூக்கியவர்.
படுக்கை மாடியில். கடிதம் கீழே, வாசல் மிதியடிமேல்.
வியாழக்கிழமை சூப் கொண்டுவரும் அக்கா மகள்
விளம்பரம் என்று நினைத்து இழுப்பறையில் போட்டிருக்கிறாள்.
'உங்களுக்கு அறுவை சிகிச்சை இன்னும் தேவையா?'
நான் வாசித்துக் காட்டினேன்.
சிரித்தார், இருமினார், பிறகு சொன்னார்:
"படியிறங்கி அதை எடுக்க முடிந்திருந்தால்
தேவையில்லை என்றே எழுதிப் போட்டிருப்பேனம்மா."

நிர்வாகி கத்பர்ட்சன் கெட்டவரில்லை.
நான்கு மணிநேரம்கூடத் தூங்காத கண்.
"இரண்டு கடிதம், ஒரு குறுஞ்செய்தி. விதிப்படிதான்" என்றார்.
கதவுவரை போய்த் திரும்பி நின்று,
"முன்பு வரிசை எவ்வளவு நீளமென்றே
எங்களுக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது.
அதுவும் முன்னேற்றம்தானே?"
முன்னேற்றம்தான். அதையும் எழுதினேன்.
எழுதும்போது கை தயங்கியது;
அதை எழுதவில்லை.

மாலை நாலரைக்கு, எனக்கு அதிகாரமில்லாத ஒன்றைச் செய்தேன்.
பட்டியல் எழுத்தரைக் கூப்பிட்டு
ஸ்கெல்டனைப் பழைய இடத்திலேயே சேர்க்கச் சொன்னேன்.
சேர்த்தார், ஏன் என்று கேட்காமல்.
ஒன்பதாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று.
ஓர் அரசின் முன்னேற்றத்தில்
ஒரு முழங்கால் அளவைக் குறைத்தவள் நான்.

நிறத்துக்கான கட்டம் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.
நாளை காலை கேட்பார்கள்.

இரண்டாவது பெயர்: திருமதி ஆட்ரி வின்ஷிப், இடுப்பு.
மணி அடிக்கிறது.
இருபது, இருபத்தொன்று.
எத்தனை மணிவரை காத்திருக்கலாமென்று
எந்த விதியிலும் எழுதவில்லை.
எங்கோ ஒரு நாற்காலியிலிருந்து
அவர் எழுந்துகொண்டிருக்கலாம்.
நான் வைக்கவில்லை.