நான்கு ஊசி

லா ஷோ-த-ஃபோன், ஆயிரம் மீற்றர் உயரம்.
காற்று மெல்லிசு, பாய்கிறவர்களுக்கு நல்லதாம்.
ஜூலையிலும் பல்லைக் கிட்டுகிற குளிர்.
எனக்குத் தந்த இலக்கம் நாற்பத்தொன்று,
கடதாசி மாதிரித் துணியில், நான்கு ஊசியோடு.

ஐந்து பாய்ச்சலுக்கும் நாற்பத்தொன்றுதான் நான்.
அதில் இரண்டு பிழை.
பலகையோரப் பசைமண்ணில் என் சப்பாத்து நுனி
கடித்த அடையாளம்போல் இருந்தது.
மதாம் ஊக்னான் சிவப்புக் கொடியை உயர்த்தினார்,
முகத்தில் ஒன்றுமில்லை.
கோபமில்லாத சிவப்பை
அன்றுதான் கண்டேன்.

பிறகு தூறல்.
ஆறாவதுக்கு முன் ஊசிகளைக் கழற்றித்
துணியைத் திருப்பினேன்.
காலையில் விடுதிக் குளியலறையில்
தடித்த பேனையால் பின்பக்கம் எழுதியது
வேறோர் இலக்கம்.
ஏ-ஒன்பது வீதியோரம், தகரக் கொட்டிலுக்குள்,
மடியில் படங்களோடு
பெண்கள் இருக்கத் தொடங்கி
இன்றைக்கு எத்தனையாவது நாளோ
அது.
ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.
சொல்லென்றால் மறுத்துப் பேசுவார்கள்,
இலக்கமென்றால் ஒருதரமாவது
எண்ணிப் பார்ப்பார்கள் என்றிருந்தேன்.

நான்காவது ஊசி கைநடுக்கத்தில் நழுவியது.
தடையோட்டக்காரி சந்துனி,
என் அறையின் மற்றக் கட்டில்,
குனிந்து எடுத்துக் குத்திவிட்டாள்.
நிமிரும்போது வாசித்திருப்பாள்.
'காலைப் பார்த்து வை' என்றாள், சிங்களத்தில்.

கெந்தி, மிதித்து, பாய்ந்தேன்.
வாய்க்குள் மணல்.
திரும்பிப் பார்த்தால் மதாம் ஊக்னான் கையில்
வெள்ளைக்கொடி.
பதின்மூன்று இருபத்தேழு.
காற்று ஒன்று தசம் நாலு.
செல்லும்.

வெள்ளைக்கொடி உயர்ந்தால் செல்லும் என்று
எல்லோரும் ஒப்புக்கொண்ட இடம் ஒன்று
உலகத்தில் இருக்கிறது.
நான் கொஞ்சநேரம் மணலை விட்டு எழும்பவில்லை.

மனேஜர் வெத்தசிங்க காதில் போனோடு வந்தார்.
என்ன இலக்கம் இது?
நாள், சேர்.
யாருடைய நாள்?
போனுக்குள் கொழும்பு கத்திக்கொண்டிருந்தது.
அது சொல்லச் சொன்ன சொல்லை
அவர் என் தோளுக்கு அப்பால் பார்த்துச் சொன்னார்:
தேசத்ரோஹி.
மே மாதம் தன் காசில்
எனக்கு ஆணிச்சப்பாத்து வாங்கித் தந்தவர்.

வேலியடியில் பீல் நகரத்துத் தமிழ்ச் சனம்.
இந்திரமோகன் அண்ணை சொன்னார்,
'இலக்கம் திறம் பிள்ளை.
ஆனா அந்த மிருகத்தை நெஞ்சில போட்டுக்கொண்டே பாஞ்சனீ?'
பக்கத்தில் நின்ற பொடியன் சுருக்கிச் சொன்னான்:
துரோகி.
அண்ணையின் மனுசி
புட்டுப்பெட்டியை வேலிக்கு மேலால் நீட்டினா.
அவர் அந்தக் கையைப் பிடித்தார்.
மற்றக் கையால் நீட்டினா.

நாடாவைச் சுருட்டியபடி மதாம் ஊக்னான் கேட்டார்:
அவரும் இவர்களும் பேசியது இரண்டு மொழிதானே?
எனக்கு ஒரே சொல்லாய்க் கேட்டதே.
ஓம் மதாம்.
இரண்டு வீட்டாரும் வேறெங்கோ கடன் வாங்கியது,
இன்னும் ஒருவரும் திருப்பிக் கொடுக்கவில்லை.
எனக்கிருந்த பிரெஞ்சுக்கு அது பாதிதான் போய்ச் சேர்ந்தது.
தலையாட்டினார்.
ஒரு பையன் மணலை வாரிச் சமப்படுத்தினான்.

காலை விமானத்துக்கு என் பயணச்சீட்டை
மாற்றிவிட்டார்கள்.
கடவுச்சீட்டு அவர் பையில்.
பனியனைத் திருப்பித் தரவேண்டும், பட்டியலில் ஒப்பமிட்டு.

துவைக்க எடுத்தபோதுதான் பார்த்தேன்.
ஐந்து பாய்ச்சல் நேரமும்
உட்பக்கம் பார்த்துக்கொண்டிருந்த மை
தூறலில் ஊறிச்
சிங்கத்தின் வயிற்றில் இறங்கியிருந்தது,
கண்ணாடியில் தெரிகிற மாதிரி
இடம்வலம் மாறி.

சவர்க்காரம் போட்டேன். போகவில்லை.
இரண்டாந்தரம் போடவில்லை.

இங்கே நடுச்சாமம் என்றால் அங்கே மூன்றரை.
விடிந்ததும் யாரோ ஒருத்தி
பலகையை அழித்து ஒன்று கூட்டுவாள்.

பட்டியலை நிரப்பினேன்.
பனியன்: ஒன்று.
பழுது என்ற கட்டத்தில்
பேனை கொஞ்சநேரம் நின்றது.
இல்லை என்று எழுதினேன்.