தட்டிப் பார்த்தல்

பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம் போதும்.
புதியதற்குக் கனம் இல்லை, பொய் சொல்லும்.
பைபர் ஓட்டில் காதை வைத்து
நான்கு விரல் விட்டு நான்கு விரல்
தட்டிக்கொண்டே போகிறேன்.
டிக். டிக். டிக்.
உள்ளே நாரை நார் பிடித்திருக்கிறது.
டிக். டிக்.
தொப்.
அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம்.

தேங்காப்பட்டணம் பொழிமுகத்துக்கு உள்ளே
தென்னந்தடி மேல் ஏற்றி வைத்திருக்கும்
இரட்டை ஓட்டுப் பாய்ப்படகு.
கொச்சியிலிருந்து மூன்றாம் கையாக
பிறிசில்லா வாங்கியது.
காகிதத்தில் ‘கேட்டமரான்’ என்றிருக்கிறது.
நம் சொல்தான். கப்பலேறிப் போய்
மீசை மழித்துத் திரும்பியிருக்கிறது.
கட்டு உண்டு, மரம் கிடையாது.

இடது ஓட்டில் மூன்றே வட்டம்.
வலதில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.
நீர்க்கோட்டுக்குக் கீழே
அம்மை போட்டது போலக் கொப்புளங்கள்.
ஒன்றை ஆணியால் குத்தினேன்.
பழுப்பு நீர் வழிந்தது,
புளித்த காடி வாடை.

கிரைண்டர் ஓடத் தொடங்கியதும்
கழுத்து மடிப்பெல்லாம் கண்ணாடித் தூள்.
இன்று ராத்திரி பாயில்
முதுகு என்னுடையதாக இருக்காது.
வெள்ளைப் பூச்சு போனது.
அதன் கீழே இன்னொரு வெள்ளை.
அதன் கீழே
நீலம்.

கையை எடுத்துவிட்டேன்.
சாம்பல் நிறம் தீர்ந்துபோன ஒரு சாயங்காலம்,
தோப்பும்படி யார்டில்,
கர்க்கடக மழைக்கு நடுவே கிடைத்த அரை மணி நேரத்தில்
‘நாளைக்கு இறக்கணும்’ என்று முதலாளி நிற்க,
துணியால் துடைத்தது போதும் என்று
ஈரத்தின் மேலேயே மேட்டை விரித்து
ரெசின் தேய்த்து
நான் கலந்து பூசிய நீலம்.
பதினோரு வருஷம்.
படகுக்கு அன்று வேறு பெயர், வேறு நிறம்.
இது ஒன்றுதான் மாறவில்லை.

கட்டஞ்சாயாவோடு வந்தாள் பிறிசில்லா.
பாளம் பாளமாக உரிந்து கிடப்பதைப் பார்த்து
‘எந்தப் பாவி செய்த வேலை அண்ணே?’ என்றாள்.
‘ஈரத்துல போட்டிருக்கான்’ என்றேன்.
‘இருக்கான்’.
சாயா நன்றாகச் சுட்டது.

ராத்திரி கணக்குச் சீட்டு எழுதினேன்.
ரெசின் இருபது கிலோ, மேட், ஹார்ட்னர்,
டிஸ்க் பன்னிரண்டு.
கூலி என்று எழுதி
எதிரே ஒன்றும் எழுதவில்லை.
கேட்பாள்.
‘அது அப்பவே வாங்கியாச்சு’ என்பேன்.
அதற்கு மேலும் கேட்டால்
நீலத்தைக் காட்டுவேன்.

உரித்த இடத்தில்
ஒரு முழம் பாலிதீனை ஒட்டி
நான்கு பக்கமும் டேப் சுற்றி வைத்தேன்.
விடியக் காலை டார்ச் அடித்தேன்.
உள்பக்கம் முழுக்க வேர்வை முத்துகள்.
ஓடு இன்னும் குடித்த கடலைக் கக்கிக்கொண்டிருக்கிறது.

‘சனிக்கிழமை பதினாறு பேர் வாறாவ,
அட்வான்ஸ் வாங்கியாச்சு’ என்றாள்.
‘வேற வள்ளத்துல ஏத்திவிடு’ என்றேன்.
முகம் கறுத்துப் போனாள்.

பாலிதீனைப் பிரித்து
வெயில் பக்கமாக ஓட்டைத் திருப்ப
ஆள் கூப்பிடப் போனேன்.