இடஞ்சுழி

முதலில் வந்தவன் வலஞ்சுழி. நான் இடஞ்சுழி.
சேர்ந்து குதித்தால் இரட்டைக் கதவுபோல்
ஆளுக்கொரு பக்கம் திறந்துகொள்வோம் என்று
சிரித்தபடியே சறுக்குக் காலணியைக் கழற்றினான்.
அடுத்தவன் என்னைவிட இரண்டு விரற்கடைதான் உயரம்.
மூன்றாமவன் நல்லவன்தான்,
ஆனால் என் எடையை என் அம்மாவிடம் கேட்டான்.

கெம்னிட்ஸ். காலை ஆறு மணி.
பனித்தளத்தை வழித்துவிட்டு வண்டி போன ஈரம்.
இன்று டில்மன்.
தனிப் போட்டிகளில் மூன்று முறை பதினேழாம் இடமாம்.
எனக்குப் பத்தொன்பது.
அதற்குமேல் அதைப் பேசவில்லை.

பதினோரு வருடம் முழுத் தளமும் எனக்கே.
மூலையைக்கூட யாருக்கும் விட்டதில்லை.
இப்போது கையெட்டும் தூரத்தில் இன்னொரு மூச்சு,
நேற்றிரவுப் பூண்டு வாசத்தோடு.

கை கோக்காமல் ஒரு சுற்று, என்றார் பயிற்சியாளர் ரோன்ஷ்.
முழங்காலை மடக்கு. தள்ளு. மடக்கு.
அவன் பிளேடு எங்கே என்று
காதால் தேடினேன்.
கேட்கவில்லை.
விழுந்துவிட்டானோ என்று திரும்பினால்
தோளுக்குத் தோள் வந்துகொண்டிருந்தான்.
இரண்டு பேருக்கும் ஒரே கீறல், ஒரே சத்தம்.

தலைக்குமேல் தூக்குவது நாளைக்கு.
அதற்குள் ஒன்று கேட்க வேண்டும்:
உனக்கு உள்ளங்கை வியர்க்குமா?

எனக்கு வியர்க்கும்.