கழுத்தை நீட்டுதல்

நூலின் ஒரு முனை என் பல்லில்,
மிச்சம் விரல்களில்.
நாற்காலியில் சாய்ந்தவள் கண்ணை மூடி
நெற்றித் தோலை இழுத்துப் பிடித்திருக்கிறாள்.
அவள் புருவத்தின் மேல் என் தலை
தெருவிளக்கு மாதிரி வளைந்து நிற்கிறது.
பேரக்ஸ் ரோடு, ஜெராக்ஸ் கடைக்கு மாடியில்
நாளைக்கு முப்பது முகம்.
தீபாவளி வாரமென்றால் எழுபது.

வலி எந்த நாளில் வந்ததென்று தெரியாது.
29சி-யில் கண்டக்டர் பின்னாலிருந்து கேட்டார்,
திரும்பினேன்,
முழு உடம்பும் திரும்பியது.
கழுத்துக்குத் தனியாகத் திரும்புவது மறந்திருந்தது.

முதல் வருஷம் தைலம்.
பிளீச் வாசத்தோடு அது சேர்ந்ததில்
ஒருத்தி தும்மித் தும்மி
அரைப் புருவத்தோடு எழுந்து உட்கார்ந்தாள்.

அடுத்து ஓட்டேரியில் ஒரு சுளுக்குக்காரர்.
"விடு, தளர விடு" என்றவர்
நான் விடுவதற்குள் திருப்பிவிட்டார்.
மூன்று நாள் சொர்க்கம்.
நான்காம் நாள் வலி
தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தது,
இடது சுண்டுவிரல் வரை.

காலர் போட்டுக்கொண்டு கடை திறந்தேன்.
வந்தவர்கள் இரண்டே கேள்வி கேட்டார்கள்:
ஆக்ஸிடென்ட்டா?
புருஷனா?

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
டாக்டர் ஒரே வார்த்தை சொன்னார்:
தேய்மானம்.
சோப்பு தேயும். செருப்பு தேயும்.
அன்றிரவு தலையை அசைக்காமல் படுத்திருந்தேன்,
இருக்கிற மிச்சமாவது மிஞ்சட்டுமென்று.

ஸ்டான்லியில் டோக்கன் நாற்பத்தொன்று.
பிசியோ பெண்ணின் பெயர் குமுதவல்லி,
என்னைவிட ரொம்பச் சின்னவள்.
படத்தைப் பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தாள்.
"இந்த வயசுல வலியே இல்லாதவங்களை எடுத்தாலும்
நிறைய பேருக்கு இப்படித்தான் வரும்.
நரை மாதிரி வெச்சுக்கங்க.
உள்ளே நரைச்சிருக்கு."
தினம் நாலு தலைக்குச் சாயம் பூசுகிறவள் நான்.
சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது.

"எப்படி வேலை செய்வீங்க, காட்டுங்க."
நூலில்லாமல் அவள் முகத்தின் மேல் குனிந்தேன்.
இரண்டு விரலால் என் பிடரியைத் தொட்டு,
"தலை மட்டும் அஞ்சு கிலோ இருக்கும்.
அதை இப்படி நீட்டியே வெச்சிருந்தா யார் தாங்கறது?
சுவத்தோட நில்லுங்க. தாடையை உள்ளே இழுங்க.
அஞ்சு எண்ணுங்க. பத்து தடவை."

அவ்வளவுதானா?
"தினமும். மூணு மாசம்."
ஊசி, ஆபரேஷன்?
"கை மரத்து, பிடிச்ச பொருள் நழுவினா
அன்னிக்கே ஓடி வாங்க. இப்போ வேணாம்."
காலர்?
"கழட்டிடுங்க. கழுத்து சோம்பேறியாயிடும்."

படியிறங்கும்போதுதான் உறைத்தது.
இருபத்திரண்டு வயதில் நீட்டச் சொன்னார்கள்,
பார்க்காத முகத்துக்கு நீட்டினேன்.
அவன் தம்பியின் கடனுக்கு ஜாமீன் என்றார்கள்,
அதற்கும் கழுத்தைக் கொடுத்தேன்.
உள்ளே இழு என்று
ஒருவர் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன்.

நாற்காலிக்கடியில் நாலு செங்கல் வைத்தேன்.
வாடிக்கையாளர் உயர்ந்தார்கள்,
என் குனிவு நாலு விரற்கடை குறைந்தது.
இரண்டு முகங்களுக்கு நடுவே
ஃபேஷியல் விலைப்பட்டியலுக்குப் பக்கத்துச் சுவரில்
தாடையை இழுத்து நிற்பேன்.
"ரெட்டைத் தாடை வருதுக்கா" என்பாள்
உதவிக்கு இருக்கும் பர்ஹானா.
வரட்டும்டி. மூணு, நாலு, அஞ்சு.

இரண்டாம் வாரம் வலி கூடியது போலிருந்தது.
நாலாம் வாரம் சலித்து இரண்டு நாள் விட்டேன்.
தலையணை ஒன்றானது.
மாத்திரை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றானது.

ஏழாவது வாரம்.
வலி போய்விட்டதென்று சொல்ல மாட்டேன்,
சாயங்காலம் ஆறு மணிக்கு அதற்கு இன்னும் வழி தெரியும்.
ஆனால் நேற்று 29சி-யில்
பின்னாலிருந்து யாரோ "செலின்" என்று கூப்பிட,
திரும்பினேன்.
தலை மட்டும்.

கூப்பிட்டது வேறொரு செலினை.
பரவாயில்லை.
இன்னொரு முறை திரும்பிப் பார்த்தேன்.