எழுபதாவது முகம்

அறிவியல்நகர் விடுதியில் கரண்ட் போன இரவு
போனில் ஒரு செயலி
எங்களைக் கிழவிகளாக்கிற்று.
துளசிகாவுக்குத் தாடை இரண்டு.
எனக்குப் புருவமே இல்லை.

எழுபதில் எப்பிடி இருக்கும் எண்டு கதை போனது:
பல்லைக் கழற்றி டம்ளருக்குள் போடலாம்,
ஆரையும் ஏசலாம், பிறகு மறந்திட்டன் எண்டலாம்,
மழை வரமுன்னம் முழங்கால் சொல்லும்.

"எனக்கு இப்பவே சொல்லும்" என்றாள் வினோஜா.
ஆறு வயதில் இடுப்புக்குள் தங்கின துண்டு.
எடுத்தால் நடக்கேலாதாம்.
"நாளைக்குப் பெய்யும். கொடியில உடுப்புப் போடாதேங்கோ."

ஒருத்தரும் ஒண்டும் பறையவில்லை.
அவள் போனை வாங்கி
தன் கிழமுகத்தை விரலால் பெரிசாக்கிக்
கனநேரம் பார்த்தாள்.
"மனுசி வடிவாத்தான் இருக்கிறா.
நோவுக்குப் பழகியிட்டா போல."

அடுத்தநாள் மூண்டு மணிக்குப் பெய்தது.
துளசிகாவின் ஜீன்ஸ்
கொடியில்.