தொடர் நிகழ்காலம்

கொடைக்கானலிலிருந்து மன்னவனூருக்கு
முப்பத்தைந்து கிலோமீட்டர்.
அதற்குள் அன்றைய பாடத்தை
மனசுக்குள் மூன்று தடவை நடத்தி முடித்துவிடுவேன்.
வகுப்பில் நடத்துவது நான்காவது தடவை.
யாருக்காக என்று
பூம்பாறை வளைவில் ஒரு நாள் தோன்றியது.
எல்லோருக்கும் வாந்தி வருகிற வளைவு;
எனக்கு இது வந்தது.

ஒன்பதாம் வகுப்பில் சொன்னேன்:
இனி வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியட் உங்களுடையது,
எந்த இங்கிலீஷ் வேண்டுமோ
நீங்களே கொண்டு வாருங்கள்.

இருபத்திரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்,
டிரைவர் டீ குடிக்க இறங்கிப்போன பஸ்ஸில்
உட்கார்ந்திருப்பவர்களைப் போல.

"எத்தனை மார்க் டீச்சர்?"
மார்க் இல்லை.
"அப்ப எதுக்கு?"
தெரியவில்லை என்றேன்.
பதினோரு வருஷ சர்வீஸில்
கரும்பலகை அந்தச் சொல்லை
என் வாயிலிருந்து கேட்டதில்லை.

மோனிஷ் டூரிஸ்ட்டுகளின் டி-ஷர்ட் வாசகங்களை
எழுதி வந்தான், பாதி கெட்ட வார்த்தை.
ஆட்டுப் பண்ணையின் போர்டை
எழுத்துப் பிழையோடு அப்படியே
வரைந்து வந்தாள் பூரணி.
நாகஜோதி கொண்டு வந்தது
பீன்ஸுக்கு அடிக்கிற மருந்து டப்பாவின் லேபிள்,
கழுவி, உரித்து, வெயிலில் காயவைத்தது.
எறும்பைவிடச் சின்ன எழுத்து.
"ஆன்டிடோட்னா என்ன டீச்சர்?"

வாயைத் திறந்தேன். மூடினேன்.
அகராதி பீரோவுக்குள் இருந்தது.
பீரோ சாவி என் கைப்பைக்குள்.
ஜன்னலோரத்து ஆணியில் அதை மாட்டினேன்.

அவளே எடுத்தாள், அவளே புரட்டினாள்,
விஷத்துக்கு மாற்று மருந்து என்று அவளே படித்தாள்,
பிறகு லேபிளை மறுபடி படித்தாள்:
நோ ஸ்பெசிஃபிக் ஆன்டிடோட்.
அவள் அப்பா
கையுறை போடாமல் தெளிப்பவர்.
வகுப்பு கொஞ்ச நேரம்
எந்த மொழியிலும் பேசவில்லை.

குழந்தைவேல் மட்டும்
மூன்று வெள்ளிக்கிழமையும் வெறுங்கையோடு வந்தான்.
கேரட் கழுவும் தொட்டியையே
ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.
என் பையில் அவனுக்கென்று ஒரு பயிற்சித்தாள்
தயாராக இருந்தது. ஜிப்பைத் திறந்தேன்,
இழுத்து மூடினேன், திறந்தேன்.
கொடுக்காமல் இருப்பதற்கு
பி.எட்.டில் யாரும் பயிற்சி தரவில்லை.

நான்காவது வாரம் எழுந்து நின்றான்.
"பஸ் டிப்போ மேனேஜருக்கு ஒரு லெட்டர் எழுதணும்.
இங்கிலீஷ்ல எழுதினா படிப்பாரா?"
தமிழில் எழுதினாலும் படிக்க வேண்டும் என்றேன்.
"படிக்க வேண்டும் வேற, படிப்பார் வேற டீச்சர்."
இதைத்தான் நான் ஜூலையில்
இரண்டு வாரம் துணைவினை என்று நடத்தினேன்.
ஒருத்தருக்கும் ஏறவில்லை.

எழுதினான்:
சார், எய்ட் டென் பஸ் இஸ் நாட் கமிங் டு அஸ்.
வீ ஆர் கமிங் டு தி பஸ், ஃபோர் கிலோமீட்டர்.

என் விரல் சிவப்புப் பேனாவரை போனது.
தினசரி வழக்கம் என்றால் சாதாரண நிகழ்காலம்,
'டஸ் நாட் கம்' என்றுதானே இருக்க வேண்டும்.
நாகஜோதியும் அதையே சொன்னாள்.
பெஞ்சுக்குப் பெஞ்சு சண்டை. கை தூக்கி ஓட்டெடுத்தார்கள்,
பதினான்குக்கு ஏழு, அவன் தோற்றான்.
"லெட்டர் என்னுது" என்று
காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டான்.

மத்தியானம் மூடுபனி இறங்கி
மைதானத்தைத் தின்றுகொண்டிருந்தபோது யோசித்தேன்:
அந்த பஸ் இந்த நிமிஷமும்
வராமல்தானே இருந்துகொண்டிருக்கிறது.
அவன் இலக்கணத்தில் தப்பில்லை.
டிப்போவில்தான் இருக்கிறது.

பதில் வரவில்லை. ஜனவரி ஆகிவிட்டது,
பூண்டு நடவு ஓய்ந்து, காலையில் புல் வெளுத்துக் கிடக்கிறது.
இரண்டாவது கடிதம் எழுதுகிறான்.
"டீச்சர், ரிமைண்டருக்கு ஸ்பெல்லிங்..."
என்று தலையைத் தூக்கியவன்,
நான் 'ஆர்' என்று தொடங்குவதற்குள்
"வேணாம், வேணாம்" என்று
ஆணியைப் பார்த்து நடந்தான்.

நான் மேஜைக்குப் பின்னால் நிற்கிறேன்.
கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று
இன்னும் பழகவில்லை.