மீதி

வின்னிபெக். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நிலவறை மேசையில் என் பழைய கணினி
ஒன்பது நாளாய் மூச்சு வாங்குகிறது.

அந்த எண்ணைக் கட்டியது நான்தான்.
இந்த வீட்டின் இலக்கம் அறுநூற்று இருபத்தேழு.
அதை இரண்டால் பெருக்கி, பெருக்கி,
ஒரு கோடியே முப்பத்தாறு இலட்சத்துச் சொச்சம் தடவை பெருக்கி
கடைசியில் ஒன்று கூட்டினேன்.
அச்சடித்தால் ஆயிரத்து முன்னூறு பக்கம் தாண்டும்.
அடிக்கவில்லை. மை விலை.

மூன்றும் பதினொன்றும் பத்தொன்பதும்
இதை எந்நாளும் வகுக்கா.
அவை வீட்டு இலக்கத்துக்குள் குடியிருப்பவை,
எத்தனை பெருக்கினாலும் கூடவே வருபவை,
வாசல்வரை வந்து
அந்தக் கடைசி ஒன்றில் தடுக்கி நிற்பவை.

பகலில் எனக்குத் தானிய ஆய்வுக்கூடம்.
கோதுமை மாதிரியைச் சல்லடையில் ஆட்டி
உடைந்த மணியை இடுக்கியால் எடுத்துத்
தனித்தட்டில் போட வேண்டும்.
விளக்கடியில் தெரிந்துவிடும்:
வெள்ளையாய் ஒரு விளிம்பு.

இரவிலும் சல்லடைதான்.
சின்ன எண்கள் ஒவ்வொன்றாய் மோதிப் பார்த்துத்
திரும்பிப் போய்விட்டன.
இனி ஒரே கேள்வி:
மூன்றை எடு.
என் எண்ணில் ஒன்று குறைய, அத்தனை மூன்றுகளை
ஒன்றோடொன்று பெருக்கு.
என் எண்ணால் வகு.
பகா எண் என்றால் மீதி ஒன்று.
ஒன்றேதான். வேறு வரக்கூடாது.

பத்தாம் நாள் விடிய நாலு மணிக்கு வந்தது மீதி.
நாற்பது இலட்சம் இலக்கம் நீளமாய்.

உடையும் எண்.
ஐயமே இல்லை, உடையும்.
எங்கே என்று மட்டும் கணக்கு சொல்லாது.
விளிம்பில்லை, வெள்ளையில்லை.
தேடினால் சூரியன் அணைந்த பிறகும் தேடலாம்.
பகு என்ற ஒரு வேரில்தான்
பகிர்வும் இருக்கிறது, பகையும் இருக்கிறது.
எதனால் பிரிந்தோம் என்று
அகிலனும் நானும்கூடச் சொல்ல முடிந்ததில்லை.
கையெழுத்துப் போட்ட அன்று
மீதி எவ்வளவு என்று மட்டும் வக்கீல் வாசித்தார்.

கணினியை அணைத்தேன்.
மாலைக்குள் சுவரில் குளிர் ஊறியது.

மேல்வீட்டுத் துவாரகேசன் அண்ணை
படியில் பாதி இறங்கி நின்றார்.
போன மாதம் ஹைட்ரோ பில்லை நீட்டியவர்.
'என்ன, மிசின் செத்துப்போச்சோ?'
'இல்லை. முடிஞ்சுது.'
'பகா எண்ணோ?'
'உடையுமாம்.'
'எத்தினையா?'
'தெரியாது.'
'அப்ப என்னத்தை முடிஞ்சது?'

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.
காதைச் சொறிந்தார்.
'உதுக்கு நேர் மேலதான் பிள்ளையின்ர தொட்டில்.
பத்து நாளா நல்ல நித்திரை.
இண்டைக்குத்தான் அழுகுது.'

அடுக்கைக் கொஞ்சம் கூட்டினேன்.
அதே வீட்டு இலக்கம், அதே கடைசி ஒன்று.
விசிறி சுழலத் தொடங்கியது.
மேலே அழுகை நிற்க
பதினேழு நிமிடம் ஆயிற்று.
பதினேழு, பகா எண்.